வீட்டுக் கொம்பறை

யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை வரைகின்றான் என்றால், அது சங்கச் செய்யுளின் நயங் கூறுவதாகவோ சைவப் பெரியார் ஒருவரின் வரலாறாகவோ அமையும் என எதிர்பார்ப்பது வழக்கம். அவ்வெதிர்பார்ப்பைக் குறை கூறுதற்கில்லை. முன்னைய மலர்களில் என் ஆசிரியப் பெருந்தகைகள் எழுதியவை பெரும்பாலும் அத்தகையனவே. ஆயினும், "உமது அனுபவத்தில் ஒன்றை எழுதித் தருக" என மலர்க் குழுவினர் பணித்தபோது, கடந்த ஓராண்டாக என் மனத்தையும் மாலைப் பொழுதையும் ஒருங்கே பற்றிக்கொண்ட காரியமொன்றைத் தவிர வேறெதனையும் எழுத என் பேனா இசையவில்லை. வீட்டிற் கிடந்த பழைய கணினியொன்றின் உறுப்புக்களோடு கடையில் வாங்கிய புதிய உறுப்புக்கள் சிலவற்றையுங் கூட்டி, எங்கள் குடும்பத்துக்கென ஒரு சேமிப்புக் கணினியை யானே அமைத்த கதை அது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பெற்ற பயிற்சிக்கும் இதற்கும் யாது தொடர்பு என நண்பரொருவர் கேட்டார். தொடர்பு உண்டு, உரிய இடத்திற் கூறுவேன்.

இத்தகைய கணினியை ஆங்கிலமறிந்தார் சேர்வர் என்பர். எம் நாட்டுப் பாடநூல்கள் சேவையகம் என்கின்றன. தமிழகத்தார் சிலர் வழங்கி என்கின்றனர். மொழியாசிரியன் என்ற முறையில் எனக்கு இம்மூன்றிலும் முழு நிறைவில்லை. சேவித்தலும் வழங்கலும் அதற்கு இரண்டாவதாய தொழில்கள். காத்து வைத்தலே முதலாவது. என் மகள்தான் ஒருநாள் அதனைப் பார்த்து, "அப்பா, இது அப்பம்மா சொல்லுற கொம்பறை மாதிரியெல்லோ?" என்றாள். அறுவடை செய்த நெல்லை எலிக்கும் ஈரத்துக்கும் எட்டாமல் அடுத்த போகம் வரை வைத்திருக்க எம் முன்னோர் அமைத்த கூட்டுக்குக் கொம்பறை என்று பெயர். இன்றைய பிள்ளைகளில் அச்சொல்லை அறிந்தோர் சிலரே. அன்றுதொட்டு எங்கள் வீட்டில் அப்பெயரே நிலைத்துவிட்டது. இக்கட்டுரையிலும் அதனையே ஆள்கின்றேன்.

கொம்பறை கட்டுபவனிடம் முதலிற் கேட்க வேண்டிய வினா, "உன்னிடம் நெல் உண்டா?" என்பதே. என்னிடம் இருந்த நெல் யாது எனச் சொல்லிவிடுகின்றேன்.

யாழ்ப்பாணத்தின் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் குறித்தமை யாவரும் அறிந்தது. என் தந்தையார் அக்கலாசாரத்தின் எளிய தொண்டருள் ஒருவர். ஊர்க்கோயிலில் ஒருவர் புராணம் வாசிக்க, இவர் பயன் சொல்வார். 1988, 1989 ஆகிய ஆண்டுகளில் அவர் பயன் சொன்னதை அயலவர் ஒருவர் ஒலிநாடாவிற் பதிந்து கொடுத்தார். அறுபது நிமிட நாடாக்கள், மொத்தம் இருபத்துமூன்று. 1990 இல் எங்கள் ஊருக்கு மின்சாரம் நின்றது. மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சைக்கிள் டைனமோவின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றுவது என் கடமை. கை தளர்ந்தால் தந்தையாரின் குரலும் தளரும்; விரைந்தால் அவரும் விரைவார். சூரபன்மனை முருகப்பெருமான் ஆட்கொண்ட பகுதியை யான் நன்கறிந்திருப்பதற்குப் பக்தி மாத்திரம் காரணமன்று. அந்த நாடாவைச் சுழற்றிய கைநோவும் ஒரு காரணம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் வீடுவிட்டுப் புறப்பட்டபோது, தந்தையார் எடுத்த பை ஒன்றே. காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், பொலித்தீனிற் சுற்றிய நாடாக்கள். நூல்களையும், தம் கையால் எழுதிய பயன் குறிப்புக்களையும் அலுமாரியிற் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது. அலுமாரிக் கதவும் இருந்தது. உள்ளே கறையான் மண்ணைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. தந்தையார் அதுபற்றி ஒரு வார்த்தையும் சொன்னாரல்லர். 2011 இல் அவர் சிவபதம் அடைந்த பின், அவரது கல்வியின் எச்சமாக எஞ்சியது அந்த இருபத்துமூன்று நாடாக்களே. அவற்றிற்கும் வேறு பிரதி கிடையாது.

பிரதி கிடையாது என்னும் சொற்றொடரின் பொருளை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த எம் பொதுசன நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன என்பர். அவற்றுள் வேறெங்கும் பிரதி உள்ளவற்றை மீள வாங்கினோம். பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் போனவை போனவையே.

நாடாக்களில் பூஞ்சணம் படரத் தொடங்கியதைக் கண்ட பின், பழைய ஒலிநாடாக் கருவியொன்றைக் கணினியோடு இணைத்து அனைத்தையும் எண்ணிம வடிவாக மாற்றினேன். குறுக்கு வழி இல்லாத வேலை அது. ஒரு மணித்தியால நாடாவுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கவே வேண்டும். சுருக்காத ஒலி நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 10 மெகாபைற்று வீதம் இடம்பிடிக்க, இருபத்துமூன்று நாடாவும் 14 கிகாபைற்றுக்குள் அடங்கின. இவற்றோடு எம் கல்லூரியின் பழைய மலர்களை வருடியெடுத்த படங்களும் சேர்ந்தன. மலரின் ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறத்தோடு சுருக்காது வைத்தால் 13 மெகாபைற்று. நூறு பக்கத்து மலர் ஒன்றே கால் கிகாபைற்றைத் தாண்டும். குடும்பப் புகைப்படங்கள், உறுதிகளின் படிகள், பிள்ளைகளின் நாடக ஒளிப்பதிவுகள் என்பன வேறு. இவையெல்லாம் மனைவியின் தொலைபேசியில் ஒரு பகுதி, என் மடிக்கணினியில் ஒரு பகுதி, பெயரெழுதாத பேனாச் செருகிகளில் ஒரு பகுதி எனச் சிதறிக் கிடந்தன. பதினைந்து ஆண்டுக்கு முன் எழுதிய குறுந்தட்டுக்கள் சில, வாசிக்கப்பட மறுத்துவிட்டன.

இணையத்தில் இடம் வாடகைக்குக் கிடைக்குமே எனலாம். கிடைக்கும். கூகிள் நிறுவனம் 15 கிகாபைற்று இடத்தை இனாமாகத் தருகின்றது. மேலே வேண்டுமாயின் மாதந்தோறும் கட்டணம். 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுள் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியதைப் பார்த்தவன், ஆயுட்காலம் முழுவதும் டொலரில் வாடகை கட்டும் உடன்படிக்கைக்கு எளிதில் ஒப்பமாட்டான்.

இனிக் கணினிக்கு வருவோம். தமக்கையின் மகன் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், 2014 இல், வாங்கிய மேசைக் கணினியொன்று எங்கள் வீட்டு மூலையிற் கிடந்தது. அவர் இப்போது கனடாவில் ரொறன்ரோ நகரில் இருக்கின்றார். இன்ரெல் கோர் ஐ3 4130 என்னும் செயலியும், எச்81 வகைத் தாய்ப்பலகையும் கொண்டது அது. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இத்தகைய பழைய செயலியை ஏற்காது. ஆகவே உலகெங்கும் இவ்வகைக் கணினிகள் குறைபாடு எதுவும் இல்லாமலே குப்பையாகிக்கொண்டிருந்தன. இதனைக் கழித்துவிடலாமா எனத் தொலைபேசியிற் கேட்டேன். "எறிஞ்சு போடாதேங்கோ மாமா. அதுக்கு ஒரு வருத்தமுமில்லை. விண்டோஸைக் கழட்டிப்போட்டு வேற வேலைக்கு வைச்சா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். அவ்வுரையாடலே தொடக்கம்.

பழையது எது, புதியது எது என்பதில் யான் ஒரு நெறியைக் கைக்கொண்டேன். சிந்திக்கும் உறுப்புப் பழையதாயிருக்கலாம். நினைவு வைத்திருக்கும் உறுப்பும் மின்னூட்டும் உறுப்பும் புதியனவாதல் வேண்டும். சேமிப்புக் கணினிக்குப் பெருஞ்சிந்தனை தேவையில்லை. வீட்டு வலையமைப்பின் கம்பி செக்கனுக்கு 125 மெகாபைற்றுக்கு மேல் கடத்தாது. பத்தாண்டுப் பழைய செயலி அதனைக் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்துவிடும். எச்81 தாய்ப்பலகையில் வன்தட்டு இணைக்கும் வாயில்கள் நான்கு. அவற்றுள் இரண்டு வேகங் குறைந்தவை. குறைந்த வேகமும் சுழலும் தட்டின் வேகத்திலும் மிகுதியே. ஆகவே அதுபற்றிக் கவலையில்லை. செயலி பழுதானால் தட்டுக்களைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டலாம், பொருள் அழியாது. மின்னூட்டி பழுதானாலோ அது தனியே போவதில்லை. போகும்போது தட்டுக்களையும் உடனழைத்துப் போகக்கூடும்.

மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு சிற்றூரே இருந்தது. விசிறியின் இதழ்களிற் செம்மண் தூசி படிந்திருந்தது. பழைய மின்னூட்டியின் துளைகளுக்குள்ளே பல்லி முட்டை இரண்டு; முன்னமே பொரித்தவை. செயலிக்கும் அதன் வெப்பந் தணிக்கும் உலோகத்துக்கும் இடையிற் பூசிய களி, பூசை முடிந்த மறுநாட் சந்தனம்போல வரண்டு வெடித்திருந்தது. தூரிகையாலும் காற்றாலும் தூசியகற்றி, பழைய களியைத் துடைத்துப் புதியதை ஒரு பயற்றங்காயின் விதையளவு இட்டேன். தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவான சிறு மின்கலம் இறந்திருந்தமையால், உயிர்கொடுத்தவுடன் கணினி தன்னை 2013 ஆம் ஆண்டில் இருப்பதாக அறிவித்தது. அவ்வாண்டில் எனக்குத் தலைமயிர் நிறைய இருந்தது. ஆயினும் மின்கலத்தை மாற்றி நாட்காட்டியைத் திருத்தினேன். பழுதடைந்த மடிக்கணினியிலிருந்து 120 கிகாபைற்றுத் திண்மத் தட்டொன்றைக் கழற்றி இயக்க மென்பொருளுக்கு ஒதுக்கினேன். நினைவகத்தைப் பழைய உறுப்புக்கள் விற்கும் கடையில் வாங்கி 16 கிகாபைற்றாக உயர்த்தினேன். அத்தாய்ப்பலகை அதற்குமேல் ஏற்காது.

வன்தட்டு வாங்குதலே இக்காரியத்தின் உயிர்நிலை. ஆதலாற் சற்று விரிவாகச் சொல்வேன். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில், இரண்டடி விட்டமுள்ள தட்டுக்கள் ஐம்பது இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே வைத்திருந்தன. இன்று உள்ளங்கையில் அடங்கும் 4 ரெறாபைற்றுத் தட்டு அதன் எட்டிலட்சம் மடங்கைக் கொள்ளும். இவ்வளவும் எவ்வாறு அடங்குகின்றது? தடங்களை நெருக்கி எழுதுவதால். நெருக்கத்தின் பேராசையிற் பிறந்த ஒரு முறை உண்டு: கூரை ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் ஓரளவு கவிந்திருக்குமாறு எழுதுவது. ஓடு வேய்ந்த வீட்டில் வாழ்பவருக்கு இதன் இடர் உடனே புலப்படும். நடுவிலுள்ள ஓடொன்றை மாற்ற வேண்டின் அதன்மேற் கவிந்த ஓடுகளையும் கிளப்பி மீள அடுக்க வேண்டும். அவ்வாறே இத்தட்டிலும் ஓரிடத்தைத் திருத்தி எழுத, அயலிடங்களையும் திருப்பி எழுத நேர்கின்றது. ஒரு முறை எழுதி வைத்துவிட்டு வாசிப்பதற்கு அது போதும். ஒரு தட்டு இறந்து அதன் பொருளனைத்தையும் புதுத் தட்டில் ஓயாது எழுத வேண்டிய வேளையில் அது மிகவும் தடுமாறும். 2020 இல், சேமிப்புக் கணினிக்கென்றே விற்கப்பட்ட தட்டுக்கள் சிலவும் இவ்வகையின என்பது வெளிப்பட்டபோது வாங்கியோர் கொதித்தெழுந்தனர். ஆகவே கடைக்காரரிடம் மாதிரி எண்ணைக் கேட்டு, உற்பத்தியாளரின் விபரப் பட்டியலோடு ஒப்பிட்டு, கவியாத் தடமுடையது என உறுதிசெய்த பின்னரே பணம் கொடுத்தேன்.

வாங்கிய தட்டுக்கள் இரண்டு. ஒன்றை யாழ்ப்பாணத்திலும் மற்றதைக் கொழும்பிலும் வாங்கினேன். ஒரே நாளில் ஒரே தொகுதியிற் செய்யப்பட்டவை ஒரே குறையோடு பிறந்திருக்கலாம். ஒரே கிழமையில் இறக்கவும் கூடும். இரண்டிலும் ஒரே பொருளையே எழுதுவதால் இரு தட்டுக்களின் விலைக்கு ஒரு தட்டின் இடமே கிடைக்கும். அந்த 4 ரெறாபைற்றும் கணினியின் திரையில் 3.64 எனத் தோன்றும். வியாபாரி பத்தின் அடுக்கில் எண்ணுகின்றான். கணினி இரண்டின் அடுக்கில் எண்ணுகின்றது. கடைக்காரரின் கொத்தும் வீட்டுக் கொத்தும் வேறுபட்ட பழங்கதைதான்.

"ரெண்டை வாங்கி ஒண்டைத்தான் பாவிப்பியளோ?" என்று மனைவியார் வினவினார். நியாயமான வினா. 1988 இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர், மலிவான தட்டுக்கள் பலவற்றை அணிவகுத்து விலையுயர்ந்த பெருந்தட்டின் வேலையைச் செய்விக்கலாம் என ஆராய்ந்து எழுதினர். அவர்கள் வகுத்த முறைகளுள் முதலாவது, ஒன்றை ஒன்று ஆடிபோல் ஒத்திருக்கும் இரட்டைத் தட்டு. மலிவு என்பதே அவர்கள் அம்முறைக்கு இட்ட பெயரிலும் இடம்பெற்றது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று மனைவியாருக்குச் சமாதானம் கூறினேன்.

புதிய தட்டுக்களை உடனே நம்பிவிடவில்லை. தட்டின் ஒவ்வோரிடத்திலும் நான்கு வகைக் கோலங்களை எழுதி, ஒவ்வொன்றையும் மீள வாசித்துச் சரிபார்க்கும் சோதனையொன்று உண்டு. அது முடிய ஏறத்தாழ 60 மணித்தியாலம் சென்றது. வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையைக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு விசாரிப்பதில்லை.

மொத்தச் செலவு ஓர் இலட்சத்து முப்பதினாயிரம் ரூபா. அதில் தொண்ணூற்றீராயிரம் இரு தட்டுக்களுக்கே. மின்னூட்டி, மின்தடை தாங்கும் யூ.பி.எஸ். கருவி, நினைவகம், சில்லறைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு எஞ்சியது. ஆயத்தமாக விற்கும் இருதட்டுப் பெட்டியொன்றுக்கு, தட்டுக்கள் இல்லாமலே, கொழும்பிற் கேட்ட விலை இலட்சத்தைக் கடந்தது. அப்பெட்டி சிறியது, அழகியது, சத்தமும் குறைவு. எமது கொம்பறை பழைய கோதுடைய பெருங்குடம். ஆயினும் அதன் எந்த உறுப்புப் பழுதானாலும் யாழ்ப்பாணக் கடைத்தெருவில் மாற்று உறுப்புக் கிடைக்கும்.

இனி, கோப்பாய்க் கலாசாலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு.

ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில் நூல்களைக் கெடுத்தவை கறையானும் நெருப்பும் மாத்திரமல்ல. எழுதுவோன் கை தவறுதலும் ஒன்று. புள்ளி இடாத மெய், ரகரமாக மயங்கும் கால், ஒத்த சொல் கண்டு தாவிய அடி என்பன ஒவ்வொரு பிரதியிலும் சேர்ந்து பாடபேதங்களாயின. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது பட்ட பாடு பெரிதும் இதுவே: இரு ஏடுகள் முரண்பட்டால் எது மெய்? தட்டுக்களிலும் இதே இடர் உண்டு. காந்தப் பரப்பில் ஓரிடம் ஓசையின்றி மாறிவிடலாம். கணினி அதனை அறியாமலே வாசித்துத் தரும். ஆடிபோல் இரு தட்டு வைத்திருந்தால், இரண்டும் முரண்படுவது மட்டும் தெரியும். எது மெய் என்பது தெரியாது.

இதற்கு விடைகண்டது, சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் உருவாக்கி 2005 இல் யாவருக்கும் திறந்துவிட்ட இசற்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறை. எம் இடாப்பு முறையே அது என்பேன். மாணவர் வரவு இடாப்பை எழுதப் பயிற்றிய விரிவுரையாளர், மாத முடிவிற் குறுக்கே கூட்டிய தொகையும் நெடுக்கே கூட்டிய தொகையும் ஒத்தாலன்றிக் கையொப்பமிட விடமாட்டார். ஒரு மாணவனின் வரவை ஓரிடத்தில் மாற்றினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். இக்கோப்பு முறையும் எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூட்டுத்தொகை கணித்து, அதனைப் பகுதியோடு வைக்காமல் வேறோரிடத்திற் குறித்து வைக்கின்றது. வாசிக்குந்தோறும் மீளக் கணிக்கின்றது. ஒவ்வாவிடின், ஆடித்தட்டிலுள்ள பிரதியை எடுத்துச் சோதித்து, அது ஒத்தால் அதனைத் தந்து, கெட்டதையும் திருத்திவிடுகின்றது. மாதமொருமுறை ஞாயிற்றுக்கிழமையில் எம் கொம்பறை தன்னிடமுள்ள அனைத்தையும் தானே இவ்வாறு ஒப்புநோக்குகின்றது. பண்டிதர்கள் இரவிரவாக விளக்கெரித்துச் செய்த வேலை. ஆனால் பொருள் விளங்காமல் எண்ணிக்கை மாத்திரம் விளங்கிச் செய்யும் வேலை. தாமோதரம்பிள்ளையவர்களின் இடத்தை அது பிடிக்காது. அவருக்கு இடாப்புக் கூட்ட நல்லதொரு உதவியாளன், அவ்வளவே.

இக்கோப்பு முறையை ஆளும் ட்றூநாஸ் என்னும் இலவச மென்பொருளையே நிறுவினேன். 2005 இல் ஒலிவியே கொஷார் லபே என்பவர் பிறிதொரு பெயரோடு தொடக்கிய திட்டத்தின் வழிவந்தது அது. நிறுவ அரை மணித்தியாலம். அதன் திரையிலுள்ள பெயர்களைப் பழக ஒரு மாதம்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனைவியார் இக்கட்டுரையை ஏற்கமாட்டார். அளந்து பார்த்ததில் கொம்பறை 32 உவாற்று உண்கின்றது. இரவு பகலாக விட்டால் மாதம் 23 அலகு. எங்கள் வீட்டுப் பட்டியல் அடுத்த கட்டணப் படிக்கு ஏற அது போதும். வீட்டுக் கொம்பறை கோயிலின் தூண்டாமணி விளக்கன்று. ஆகவே மாலை ஐந்து மணிக்குத் தானே விழித்து, தொலைபேசிகளிலுள்ள அன்றைய படங்களை வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்குத் தானே உறங்குமாறு ஒழுங்குசெய்தேன். மாதம் ஆறு அலகுக்குள் முடிகின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒப்புநோக்கலுக்கு மட்டும் விதிவிலக்கு.

மின்சாரம் இல்லாத வேளையும் உண்டு. 2022 மார்ச்சு இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டியதை யாவரும் அறிவோம். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் இருண்டது என அமைச்சரே அறிவித்தார். இலங்கையை ஒளியேற்றி அழித்தது ஒரு காலத்துக் குரங்கு. இருளேற்றியது இக்காலத்துக் குரங்கு. யூ.பி.எஸ். கருவி கொம்பறையை ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம் தாங்கும். மின்சாரம் நின்று பத்து நிமிடத்துள் மீளாவிடின், கம்பி வழியாகச் செய்தி சொல்லிக் கணினியை முறைப்படி உறங்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கக் காலத்தில் யாம் எந்தக் கருவியையும் நம்புவதில்லை. முழக்கம் கேட்டால் செருகியையே கழற்றிவிடுவோம்.

இவ்வளவு செய்தும் கொம்பறை ஒரே வீட்டில் நிற்கின்றது என்பது மாறவில்லை. கள்வன் வந்தால் இரு தட்டும் போகும். மின்னல் விழுந்தால் இரண்டும் எரியும். கைதவறி ஒரு கோப்பை அழித்தால் ஆடித்தட்டிலும் அக்கணமே அழியும். பீற்றர் குறோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய நெறியொன்று உண்டு: பிரதி மூன்று, ஊடகம் இரண்டு, வேற்றிடத்தில் ஒன்று. வேற்றிடத்தில் ஒன்று என்பதை யாழ்ப்பாணத்தார் அவரிடம் கற்க வேண்டியதில்லை. ஆயினும், கற்றதைச் செய்தோமா என்பது வேறு வினா. பழைய 2 ரெறாபைற்று வெளித்தட்டொன்றில், மீளப் பெறமுடியாதவற்றை மாத்திரம் கடவுச்சொல்லாற் பூட்டி எழுதி, வெள்ளவத்தையிலுள்ள தமக்கையார் வீட்டில் வைத்திருக்கின்றேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அவர் அதனைக் கொண்டுவருவார். புதியவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். தைப்பொங்கலுக்கு மறுமுறை. தந்தையாரின் குரல் மட்டும் ரொறன்ரோவிலும் உண்டு. ஊருக்குப் பொதுவான மலர்களின் படிகள், 2005 முதல் எம் நூல்களை எண்ணிமமாக்கிக் காத்துவரும் நூலகம் திட்டத்தாருக்கே உரியன. அவர்களிடம் சேர்ப்பித்து வருகின்றேன்.

கடவுச்சொல்லையும், கொம்பறையைத் திறக்கும் முறையையும், தட்டு ஒன்று இறந்தால் செய்ய வேண்டியதையும் ஒரு தாளில் நல்ல தமிழில் எழுதி, உறுதிகள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கின்றேன். யான் இல்லாத காலத்திற் திறக்க முடியாத கொம்பறையாற் பயன் என்ன? சென்ற ஆவணித் திருவிழாக் காலத்தில் மகளிடம் அத்தாளையும் வெள்ளவத்தைத் தட்டையும் கொடுத்து, "கொம்பறை எரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள், பதினேழாம் நாடாவை எடுத்துத் தா" என்றேன். யான் வாய் திறவாது அருகில் இருந்தேன். தாளில் ஓரிடத்தில் "செருகுக" என்பது எதனை என்று கேட்டாள்; அவ்விடத்தை அவளே தன் கையெழுத்தில் தெளிவாக்கினாள். நாற்பது நிமிடத்தில் தந்தையார் பேசத் தொடங்கினார். அவள் பிறந்த காலத்தில் அவர் உயிரோடிருந்தும் அவள் குரலறியாள். "அப்பப்பா மூச்செடுக்காமலெல்லோ கதைக்கிறார்" என்றாள். பின்னர் நாடா முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

ஒரு வேண்டுகோள். எம் கல்லூரி மலர்களுள் ஐம்பதுகளின் பிற்பகுதிக்குரிய சில இதழ்கள் கல்லூரி நூல்நிலையத்திலும் இல்லை. என் கொம்பறையிலும் இல்லை. பழைய மாணவ அன்பர்கள் எவரேனும் அவற்றை வைத்திருந்தால், அட்டை கிழிந்ததாயினும், செல்லரித்ததாயினும், கல்லூரி அலுவலகத்தில் என் பெயரிட்டுக் கொடுத்துதவுக. தையலைப் பிரிக்க மாட்டேன். ஒரு வாரத்துள் இதழையும் அதன் எண்ணிமப் பிரதியையும் சேர்த்தே திருப்பித் தருவேன்.